பானெட் சூடாக இருந்தது

யீஷூனில் பார்க்கப்போனபோது
பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தது.
நான் வருவதற்குள் ஒரு சுற்று போய்வந்திருக்கிறான் ஃபைரூஸ்.
குளிர்ந்த எஞ்சின் கக்கும் நீலப்புகையை
வேறேதோ புளோக் வாசலில் விட்டுவிட்டு.
கையை எடுக்காமல் அவன் முகத்தைப் பார்த்தேன்.
அவன் தன் செருப்பைப் பார்த்தான்.
ஆயிரத்து இருநூறு வெள்ளி குறைந்தது.

வண்டிக்கு வயது பதின்மூன்றும் ஏழு மாதமும்.
ஐந்தாண்டு நீட்டிப்பில் மிச்சம் பதினேழு மாதம்.
அதன்பின் எவ்வளவு நன்றாக ஓடினாலும்
நசுக்கத்தான் கொடுக்கவேண்டும்.
"பதினேழு மாசத்துக்கு யாராவது இவ்வளவு கொட்டுவாங்களா?"
இளம்பரிதி கேட்டதில் தப்பில்லை.
நான் பாசிர் பாஞ்சாங்கில் கிரேன் ஓட்டுகிறேன்.
முப்பது டன் பெட்டியைக் கப்பலிலிருந்து எடுத்து
முட்டைபோல் லாரியில் வைக்கிறேன்.
பன்னிரண்டு மணிநேரமும் பத்திரம், பத்திரம்.
இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்
"விலை மலிவு" என்றேன்.

காக்கி புக்கிட், மூன்றாம் மாடிப் பட்டறை.
காற்றுக்குழாயைக் கழற்றி
டர்போவின் சின்னச் சக்கரத்தை விரல்நுனியில் பிடித்து
முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினார் மெங் கியட்.
விழப்போகும் பல்போல ஆடியது.
"மாத்தி" என்றார்.
மலாயில் செத்தது என்று பொருள்.
எனக்கு அது தமிழாகவும் கேட்டது.
இரண்டுமே செலவுதான்.

செத்தது பெரிதில்லை.
ஆணையம் அனுமதித்த தாளில் ஒரு எண்,
டர்போவின் தகட்டில் இன்னொரு எண்.
அனுமதி வாங்கியது சின்னதற்கு.
மாட்டியிருந்தது ஜொகூரில் வாங்கிய பெரியது.
சோதனைக்கு மூன்றே வாரம்.

ஃபைரூஸை அழைத்தேன்.
திட்டுவதற்கு நான்கு வரி தயாராக வைத்திருந்தேன்.
மறுமுனையில் ஒரு குழந்தை அழுதது.
அது அடங்குமுன் இன்னொன்று.
"சின்னது இருக்கு அக்கா, சிங்குக்குக் கீழே."

மறுநாள் ரயிலில் கொண்டுவந்தான்,
டயப்பர் பெட்டிக்குள், துண்டில் சுற்றி.
பெட்டிமேல் அச்சடித்த குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
கொஞ்சநேரம் நிற்கலாமா என்றான்.
மெங் கியட் டார்ச்சை அவன் கையில் கொடுத்தார்.

எண்ணெய் வரும் குழாயின் போல்ட்டுக்குள்
கடுகளவு ஒரு சல்லடை.
கரி அடைத்து ஊசிகூட நுழையவில்லை.
பெரியது தாகத்தில் செத்திருக்கிறது.
"இப்படி ஒன்னு இருக்கறதே எனக்குத் தெரியாது"
என்றான் ஃபைரூஸ், வெளிச்சம் ஆட.
முதல்முறையாக அவன் சொன்னதை நம்பினேன்.

சல்லடையைப் புதிதாக மாற்றி,
விரிசல்விட்ட மேனிஃபோல்டை ஒட்டவைத்து,
சின்னதன் வயிற்றில் புதுத் தண்டு போட்டு
மாட்டும்போது மணி எட்டரை.
எஞ்சின் வெளியே தள்ளும் மூச்சில் ஒரு சக்கரம் சுற்ற,
அதே தண்டின் மறுமுனை புதுக்காற்றைத் திணிக்கும்.
வீணாய்ப் போவதிலிருந்து கொஞ்சம், அவ்வளவுதான்.
ஓவர்டைம் பணத்தில் செய்த வேலை என்பதால்
எனக்குச் சட்டென்று புரிந்தது.

சோதனை நிலையத்தில்
எண்ணை இரண்டு தடவை படித்தார்கள்.
விட்டுவிட்டார்கள்.

இரவுப்பணி முடிந்து ஆயர் ராஜா விரைவுச்சாலை.
மிதித்ததும் ஒன்றும் நடக்காது.
ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள்
முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுகிறார்கள்.
தொண்ணூறில் காலை எடுத்துவிடுவேன்.
கேமரா இருக்கிறது, கடனும் இருக்கிறது.

வீடு வந்ததும் உடனே அணைக்கக்கூடாது.
சுட்ட எண்ணெய் தண்டிலேயே கருகிவிடும்,
ஒரு நிமிடமாவது ஓடவேண்டும் என்பது மெங் கியட்டின் கட்டளை.
நிறுத்திய வண்டியில் எஞ்சின் ஓடினால்
அபராதம் என்பது சுவரில் உள்ள பலகையின் கட்டளை.
ஆகவே இரண்டாம் மாடி காலியாகக் கிடந்தும்
முதல் கியரில், நடக்கிற வேகத்தில்,
மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன்.

காய்கறிப் பையோடு வரும் மேடம் லோ
தினமும் கேட்கிறார், இடம் கிடைக்கவில்லையா என்று.
கிடைத்துவிட்டது என்கிறேன்.
இன்னும் இரண்டு மாடி இருக்கிறது.