நாலாம் தேதி, ஜூலை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பகலிலும் டியூப்லைட் எரியும் அலுவலகம் என்னுடையது.
சத்தியநேசன் நோட்டீசை மேசையில் வைத்தார்,
புகை போதாத ரப்பர் ஷீட்டைப்போல
இரண்டு விரலால் பிடித்து.
தொண்ணூற்றெட்டு - தொண்ணூற்றொன்பது. விற்பனை வரி பாக்கி
நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினாறு. வட்டி தனி.
"கெட்டின காசாக்கும் மேடம். சலான கறையான் தின்னாச்சு.
கம்ப்யூட்டர்ல உண்டு, கேட்டியளா."

கம்ப்யூட்டரில் உண்டு என்றால்
ஒரு பிஸ்கட் டின்னில் ஒன்பது ஃப்ளாப்பி.
மூன்றில் பூஞ்சை. ஒன்றில் யாருடைய ஜாதகமோ.
எட்டாவதில் ஒரு கோப்பு இருந்தது:
பெயர், புள்ளி, புள்ளிக்குப் பின்னால் மூன்றெழுத்து.
எந்த மென்பொருளும் இன்று
தன் பிள்ளையென்று ஒப்புக்கொள்ளாத மூன்றெழுத்து.

எழுதிக் கொடுத்தவன் தக்கலை ஆல்பின், இப்போது மஸ்கட்டில்.
"அதையா இன்னும் வச்சிருக்கிய!"
கடவுச்சொல் அவனுடைய ராஜ்தூத்தின் நம்பர்.
வண்டியை விற்று இருபது வருடம்,
நம்பரைத் தடுமாறாமல் சொன்னான்.
"தேதி ரெண்டாயிரத்தத் தாண்டினா திறக்காது அக்கா.
அன்னைக்கு அவ்வளவுதான் யோசிச்சேன்."

கணினியின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளினேன்.
1999, ஜூலை நாலு.
அன்று இந்த மேம்பாலம் கிடையாது.
கணினி சொல்வது உண்மையானால்
என் மேசையில் இப்போது வெயில் விழுந்திருக்க வேண்டும்.

திறந்தது. ஆனால் எழுத்துரு இல்லை.
விற்றவர் வாங்கியவர் எல்லாரும்
கொக்கியும் கூரையும் டாலர் குறியுமாக நின்றார்கள்.
எண்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.
நான் தொகையை வாசிக்க, அவர் கண்ணை மூடி ஆளைச் சொன்னார்.
"பதினெட்டாயிரத்து நானூறா? கோட்டயம் வர்க்கீசு."
வர்க்கீசிடமிருந்து ஒரு வ கிடைத்தது.
அதை வைத்து வேர்க்கிளம்பி,
வேர்க்கிளம்பியிலிருந்து ம், பி.

பிறகு தலையெழுத்துத் தெரியாத ஒரு -ம்பி,
மாதாமாதம் ஐயாயிரம், ரசீது இல்லாமல்.
"கம்பியா?" என்றேன். "வேலிக்கு?"
"தம்பி."
மேலே பாலத்தில் ஒரு லாரி போய் முடிந்தது.
"அத விட்டுட்டுக் கீழ போங்க."

கீழே மார்ச் இருபத்தேழு, குழித்துறை, சலான் எண்,
ஒரு ரூபாய் குறையாமல் அதே தொகை.
அச்சடிக்கக் கேட்டால் அது
ரிப்பன் பிரிண்டரைத் தேடித் தேடி உறைந்தது.
செல்போனில் திரையைப் படமெடுத்தேன்.

வரி அலுவலகத்துப் பெண் படத்தை விரித்துப் பார்த்தாள்.
மூலையிலிருந்த தேதியில் விரலை வைத்தாள்.
"இது அன்னைக்கு எடுத்ததா?"
இல்லை என்றேன்.
"அப்போ இன்னைக்கா?"
அதற்கும் சட்டென்று வாய் வரவில்லை.
ஒரிஜினல் கொண்டுவரச் சொன்னாள்.
பிஸ்கட் டின்னைக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

சாயந்திரம் ஒரு பேக்கரிக்காரரின் ஜிஎஸ்டி போட உட்கார்ந்தால்
ஒரு தளமும் உள்ளே விடவில்லை.
எந்தச் சான்றிதழும் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லையாம்.
கடிகாரத்தை மறந்திருக்கிறேன்.
திருத்தக் கையெடுத்தபோது போன்.
சத்தியநேசன். டாப்பிங் கத்திபோல மெல்லிய குரல்.

"மேடம், அந்த ஐயாயிரம்...
எல்லாங் கூடி எவ்வளவு வருது?"

எதற்கு என்று கேட்கவில்லை.
கொடுப்பதற்கா, கேட்பதற்கா என்றும்.
இருங்க, பாக்குறேன் என்றேன்.
தேதியை மாற்ற வேண்டியிருக்கவில்லை.