பதினான்கு நாள்

ஜெலுத்தோங்கில் இருபத்தேழாம் எண் வீடு.
வேலிக்கு மேலே லாலாங் புல் எட்டிப் பார்க்கிறது,
பக்கத்து வீட்டின் தவணை முடியாத காரை.

புகார் கொடுத்தவர் ஊய் சூ லான்.
எழுத்தில் மூன்று முறை, தொலைபேசியில் ஒன்பது முறை,
ஒருமுறை
கொசுப்புழு நீந்தும் ஐஸ்கிரீம் டப்பாவை
என் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார்.

உரிமையாளர்: சிவக்கொழுந்து த/பெ நல்லைநாதன்.
முதல் நோட்டீஸைக் கதவில் ஒட்டினேன். பதினான்கு நாள்.
இரண்டாவதை மழை படித்தது.
மூன்றாவதைத் தபால்பெட்டிக்குள் தள்ளினேன்,
'துவான்' என்று தொடங்கி
'தவறினால்' என்று மிரட்டும் அதே தாள்.

பதிவேட்டில் ஒரு சென் பாக்கியில்லை.
பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று,
கெடுவுக்கு முன்பே வந்து விழுகிறது மதிப்பீட்டு வரி.
இந்த வட்டாரத்தில் இவரளவு ஒழுங்கு யாருமில்லை.

"செத்து ஆறு வருஷமாச்சே" என்றார்
எதிர்வீட்டு மருதையா, பல் குத்தியபடி.
வங்கிக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
பிள்ளைகள்?
பெர்த்தில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று,
யாரோடும் பேசாதது ஒன்று.

சட்டப்படி நாங்களே வெட்டலாம்,
செலவை அவர் தலையில் கட்டலாம்.
எந்தத் தலை என்று எழுத
படிவத்தில் கட்டமில்லை.

ரோஸ்லானின் ஆட்கள் லோரியிலிருந்து இறங்கினார்கள்.
முற்பகலுக்குள் பாதி முடிந்தது.
வேலிக்கு உட்புறம், புல்லின் மறைவில்
வரிசை பிசகாமல் லெங்குவாஸ் பாத்தி.
யார் நட்டது என்று கேட்டேன்.
ஊய் அம்மாள் வானத்தைப் பார்த்தார்.
அதை மட்டும் விடச் சொன்னேன்.

தபால்பெட்டியைத் திறந்தால் நத்தைகள்.
துவானைத் தின்றிருந்தன,
தவறினாலையும் தின்றிருந்தன.
நடுவே
பதினான்கு மட்டும் மிச்சம்.

வெட்டிய எட்டாம் நாள்
வெறுந்தரையில் யாரோ ஒரு மெத்தையைப் போட்டுப் போனார்கள்.
மறுநாள் அதற்குத் துணையாகக் கை ஒடிந்த சோபா.
அப்புறம் ஒரு கழிப்பறைக் கோப்பை, தெருவைப் பார்த்து.
தொலைபேசியில் ஊய் அம்மாள்:
"புல்லே தேவலாம்."

கணினியில் பழைய கடிதத்தைத் திறக்கிறேன்,
'புல்' இருந்த இடத்தில் 'குப்பை' என்று மாற்றி,
தேதியையும் மாற்றி.

சிவக்கொழுந்து,
இது ஆகஸ்ட்.
உங்கள் வரி நேற்றே வந்து சேர்ந்தது.
நன்றி.