ஐம்பதுக்கு நூறு

மழை கொட்டும்போது பிறந்தவள் என்று
எனக்குச் சியோம்புவா என்று பேர் வைத்தார்கள்.
கிடெங்கேலாவில் எனக்குத் தண்ணீர்
லாரியில் வருகிறது.
‘தூய நீர்’ என்று நீலத்தில் எழுதியிருக்கும்.
எழுத்தை யாரும் நம்புவதில்லை,
காய்ச்சிக் குடிக்கிறோம்.

ஐம்பதடிக்கு நூறடி.
நைரோபியில் இந்தக் காசுக்கு
கார் நிறுத்த இடம் கிடைக்கும், கார் கிடைக்காது.
இங்கே இரண்டு படுக்கையறை, கேட்டு,
நாலு பாத்தி சுகுமா கீரை,
பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்.
வானம் மொத்தமும் இலவசம் என்றார் தரகர்.
சங்கத்துக் கடன் பதினோரு வருடம்.
ஏழு முடிந்துவிட்டது,
அல்லது ஏழுதான் முடிந்திருக்கிறது.

ஐந்து மணி மடாட்டு.
உள்ளே ஊதா விளக்கு, பாட்டு, யாரோ பூசிய தைலம்.
சிமென்ட் ஆலை வெளிச்சம் வந்தால் ஐந்து இருபது.
ம்லோலோங்கோவில் எடைபோடக் காத்திருக்கும் லாரிகளோடு
எங்களையும் நிறுத்தி வைத்திருப்பார்கள்.
பக்கத்து இருக்கைத் தலை என் தோளில் சாய்ந்தால்
மணி ஆறாகப் போகிறது.
இரண்டு வருடமாக அந்தத் தலையின் கனம் தெரியும்.
முகத்தை இருட்டில் சரியாகப் பார்த்ததில்லை.

திரும்பி வர இரவு ஒன்பது.
முதேயு தூங்கியிருப்பாள்.
போர்வைக்கு வெளியே நீட்டிய பாதத்தை
என் உள்ளங்கையில் வைத்து அளப்பேன்.
ஜனவரியில் சுண்டுவிரல் வரை இருந்தது.
இப்போது மணிக்கட்டைத் தொடுகிறது.
செருப்பு வாங்க அந்த அளவு போதும்.

போன செவ்வாய்க்கிழமை
அலுவலகத்து டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
பதினொரு மணிக்கே போகச் சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பழக்கம்:
தேவாலயம், துணி துவைப்பது, யாராவது ஒரு மாமா.
செவ்வாய் மதியத்தை
எங்கள் தெருவில் நான் பார்த்ததே இல்லை.
அதற்கென்று ஒரு வெயில் இருந்தது.
முட்டை விற்பவன் என்னைப் பார்த்து
‘புதுசா குடி வந்தீங்களா?’ என்றான்.
‘இந்த மனை விற்பனைக்கு அல்ல’
என்று சிவப்பில் எழுதிய சுவர் ஓரமாக
ஒரு வரிக்குதிரை நின்றது.
அதன் வழியில்தான் நாங்கள் வீடு கட்டியிருக்கிறோம்.
சுற்றிப் போகவும் தெரியாமல், திரும்பவும் மனமில்லாமல்
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தது.
எனக்கு அவசரம் இல்லாததால்
நானும் கூட நின்றேன்.

எங்கள் நாய் குரைத்தது.
ஞாயிற்றுக்கிழமை மேலே விழுந்து நக்குகிற அதே நாய்.
நான்தான் என்றேன்.
யோசித்துவிட்டு, பாதி வால் ஆட்டியது.

முற்றத்தில் பாயை விரித்து
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர்
கண்ணை இறுக மூடிக் கிடந்தார்கள்.
சிரிப்பில் வயிறு குலுங்குகிறது.
வேலைக்கு இருக்கும் நாசியேகு
படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே
‘தூங்கணும், தூங்கணும்’ என்றாள்.
தோளில் என் பழைய கைப்பையோடு
கேட்டுப் பக்கமிருந்து வந்தாள் முதேயு.
செருப்பை ஓசைப்படாமல் கழற்றினாள்.
எனக்குச் செய்வதுபோலவே ஒரு பெருமூச்சு.
பிறகு குனிந்து
ஒவ்வொரு பாதமாக எடுத்து
உள்ளங்கையில் வைத்து
அளந்தாள்.

எத்தனை இரவு?
நான் எண்ணத் தொடங்கினேன், விட்டுவிட்டேன்.

நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள்.
ஓடி வருவாள் என்று நினைத்தேன்.
‘அம்மா, நீ இப்ப வரக்கூடாது,
இன்னும் யாரும் தூங்கலை’ என்றாள்,
ஆட்டம் கலைந்த எரிச்சலில்.

சரி என்று
கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன்.
தெருவில் தண்ணீர் லாரி பின்னோக்கி வந்தது,
பீப், பீப் என்று.
டிரைவர் எந்த வீடு என்று கேட்டான்.
இதுதான் என்றேன்,
கொஞ்சம் பொறு,
உள்ளே பிள்ளைகள் தூங்குகிறார்கள்.