ஓடுதளப் பதிவேடு: மார்ச் மாதம்

வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுவேன்.
ரெஜைனாவில் மூன்றாவது மாடி,
ஜன்னல் இல்லாத அறை.
நான் விமானத்தில் ஏறியது இரண்டு தடவை,
இரண்டும் சாவுக்கு.

கேள்விகள் நான்கு.
நீளம் அதேதானா.
தரை புல்லா, சரளையா.
பக்கத்தில் கம்பியோ கோபுரமோ புதிதாய் முளைத்ததா.
திறந்திருக்கிறதா.
நான்காவதுக்கு வரும்போது
அந்தப் பக்கம் யாராவது நாற்காலியை நகர்த்துவார்கள்.

வேர்லின் டேவ்ஸ் நகர்த்தவில்லை.
உழுதாச்சு என்றார்.
இரண்டாயிரத்து அறுநூறு அடி, எட்டு ஏக்கர்.
காப்பீட்டுக்குக் கேட்ட பணத்தில்
அறுவடை இயந்திரத்துக்கு இரண்டு டயர் வாங்கிவிட்டாராம்.
டயராவது உருளும், என்று
தனக்கே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.
போன மே மாதம் சிவப்புப் பருப்பு விதைத்தார்.
கப்பலேறிப் போய்
யார் சட்டியிலோ கொதித்திருக்கும் அது.
ஆனால் ஒன்று, என்றார்,
ஐம்பது வருஷம் சக்கரம் அமுக்கிய மண்.
செடி அங்கே மட்டும் கணுக்காலைத் தாண்டவில்லை.
மேலேயிருந்து பார்த்தால்
கோடு போட்ட மாதிரி தெரியும்.
யார் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை.

ஹ்னாட்டியுக் சகோதரர்களுக்கு
ஓடுதளம் வேலியின் இரண்டு பக்கமும் பாதிப்பாதி.
தம்பி தன் பாதியை டொராண்டோக் கம்பெனிக்கு விற்றுவிட்டான்.
அண்ணனிடம் மிச்சம் ஆயிரத்து முந்நூறு அடி.
அதில் இறங்கிவிடலாம், என்றார்,
ஏற முடியாது.
நீளம் என்ற கட்டத்தில்
ஆயிரத்து முந்நூறு என்று எழுதினேன்.
மற்றதை எங்கே எழுத?

மருந்தடிக்கிற கேல் ஸ்வான்சன் கொட்டகையில்
மஞ்சள் விமானத்தை ஓரங்கட்டிவிட்டுப்
பெட்டி பெட்டியாய் ட்ரோன் அடுக்கியிருக்கிறார்களாம்.
இறக்கையை மடித்துக் காரிலேயே கொண்டுபோகலாம்,
நின்ற இடத்திலேயே எழும்பும்,
ஓட வேண்டாம்.
அவர் குரலில் வருத்தம் இல்லை.
முதுகுவலி குறைந்திருக்கிறது என்றார்.

ஓடெட் கோட்ரி எடுக்கவில்லை.
அவளுடைய செஸ்னா ஆல்பர்ட்டாவுக்குப் போய்ப் பதிமூன்று வருஷம்.
ஆனாலும் மார்ச்தோறும்
நான் கேட்டு முடிக்கும் முன்பே சொல்வாள்:
புல், இரண்டாயிரத்து நூறு, கம்பி இல்லை, திறந்திருக்கிறது.
ஒருமுறை கேட்டேன், விமானம்தான் இல்லையே.
உன் கேள்வியில் அது இல்லையே, என்றாள்.
கோடையில் பத்து நாளைக்கொருமுறை
புல் வெட்டினாள் என்று
பெட்ரோல் விலையை அவள் திட்டியதில் தெரிந்துகொண்டேன்.

மூன்று முறை கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால்
வரைபடத்தில் வட்டத்தை அழிக்க வேண்டும்.
அது விதி.
விதி தவறும் இல்லை:
எஞ்சின் நின்று, எண்ணெய் கசிந்து,
அந்த வட்டத்தை நம்பி எவனாவது கீழே வந்தால்
அங்கே தரை இருந்தாக வேண்டும்.

நான்காவது முறை கூப்பிட்டேன்.

ஒரு பையன் எடுத்தான்.
நிலம் வாங்கிய கம்பெனி ஆள்.
வீட்டில் என்னென்ன இருக்கிறதென்று
பட்டியல் எடுக்க வந்திருக்கிறான்.
ஓடுதளமா, எந்த ஓடுதளம், என்றான்.
எங்கே பார்த்தாலும் பனிதான்.
பிறகு, ஒரு கம்பம் நிற்கிறது,
அதில் ஆரஞ்சுத் துணி,
சட்டைக்கையை அறுத்து மாட்டின மாதிரி.
எதற்கு அது? கழற்றிவிடவா?

காற்று எந்தப் பக்கம், என்று கேட்டேன்.

ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.
கதவு ஒருமுறை அடித்தது.
அந்தச் சமையலறையில் குளிர்பெட்டி
இன்னும் உறுமிக்கொண்டிருப்பதைக் கேட்டேன்.
வந்தான், மூச்சிரைக்க.
மேற்கிலிருந்து, என்றான்,
கொஞ்சம் வடக்காகவும் இருக்கலாம்.

நன்றி சொன்னேன்.
நிலை என்ற கட்டத்தைத் திங்கட்கிழமைக்கு விட்டுவிட்டுக்
குறிப்பு என்ற கட்டத்தில்,
இருபத்திரண்டு வருஷத்தில் நான் தொடாத கட்டம் அது,
பேனாவை அழுத்தி எழுதினேன்:
காற்று மேற்கு,
கொஞ்சம் வடக்கு.