ஹ இருந்த மூலை

முள்ளியவளைச் சந்தியில் என் கடை மேசை
மூன்றடி நான்கு அங்குலம்.
அதற்குள் பிரிண்டர், லமினேற்றிங் மெசின்,
றீலோட் அட்டைப் பெட்டி, பசைப் போத்தல்,
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு கீபோர்ட்.
மிச்சத்தில் மவுஸ்.
நாளுக்கு எட்டுத்தரம் விழும்.

கீபோர்ட்டும் முடிந்துவிட்டது.
மாங்குளம் வீதிப் புழுதி உள்ளே இறங்கி
பாமினியின் புள்ளி விசை
அமுங்கினால் எழும்பாது, எழும்பினால் அமுங்காது.
கனகரத்தினம் கனகரததினமாய்ப்
பிரதேச செயலகம் போய்
அன்றைக்கே திரும்பி வந்தார்.
என்னை அவர் ஏசியதில் மட்டும்
எல்லாப் புள்ளியும் இருந்தது.

மெக்கானிக்கல் எடுங்கோ அக்கா என்றான்
வவுனியாவில் கொம்பியூட்டர் விற்கும் தனுசியன்.
ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிறிங்.
நீலம் என்றால் தகரத்தில் மழை,
சிவப்பு என்றால் சத்தமே இல்லை.
நீலம் என்றேன்.
வாங்கில் காத்திருக்கும் சனத்துக்கு
நான் எழுதுகிறேன் என்று கேட்கவேண்டும்.
அளவு?
அறுபது வீதம் காணும் உங்களுக்கு.
மிச்ச நாற்பது எங்கே போகும்?
உள்ளுக்கைதான் இருக்கும் அக்கா,
எஃப்என்னை அமத்திக்கொண்டு கூப்பிட்டால் வரும்.

அன்று பின்னேரம் கரண்ட் வந்ததும்
பழைய கீபோர்ட்டைக் கவிழ்த்துக் கண்ணாடியில் வைத்து
போட்டோக்கொப்பி எடுத்தேன், நூற்றுக்கு நூறு.
கத்தரிக்கோலை எடுத்தேன்.
வலப்பக்க எண்கட்டம் போனது.
அடையாள அட்டை இலக்கங்களை
மேல் வரிசையில் தேடிக்கொள்ளலாம்.
அம்புக்குறிகள் போயின, கொஞ்சம் வலித்தது.
எஃப் வரிசை முழுதாய்ப் போனது.
அதோடு போன எஸ்கேப்பை மட்டும் பொறுக்கி,
தனுசியன் அனுப்பிய படத்தில் உள்ளபடி
ஒன்றுக்கு இடப்பக்கம்
இடது மூலையில் ஒட்டினேன்.
அழகாய்த்தான் இருந்தது.
மவுஸுக்கு ஒரு முற்றமே கிடைத்தது.

கடதாசியில் தட்டிப் பழகிக்கொண்டிருந்தேன்,
சத்தமில்லாமல், பைத்தியக்காரியைப்போல.
படியேறி வந்தாள் ஒருத்தி.
காணி அனுமதிப்பத்திரம், மூன்றாம் நினைவூட்டல் கடிதம்.
நிரந்தர முகவரி நீராவிப்பிட்டி.
பிறந்த இடம் புத்தளம்.
அரை ஏக்கர், பத்துப் பேர்ச்.
பேர்?
ஹம்சியா.

பன்னிரண்டு வருசமாய்ப் பழகிய சிறுவிரல்
தானாய் இடது மூலைக்குப் போனது.
அங்கே எஸ்கேப்.
வெளியேறு என்று அதற்குப் பொருள்.
நான் நினைத்துச் செய்ததில்லை. கடதாசிதான்.
விரலை எடுக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

என்ன இது, விளையாட்டா என்று குனிந்தாள்.
சொன்னேன்.
அப்ப என்ட ஹ எங்க?
எஃப்என்னுக்குக் கீழ.
ரெண்டு கையாலயும் கூப்பிடோணும், அப்படித்தானே?
சிரித்தாள்.
கோயிலடி ஹரிஹர ஐயரும்
என்னோடதான் கீழ இருக்கிறார் என்று சொல்லுங்கோ.
கடிதத்தைப் பழையதிலேயே அடித்தேன்.
ஹ நன்றாய் வந்தது.
அவளுடைய ம்-க்குத்தான்
நாலுதரம் குத்தவேண்டி இருந்தது.

அவள் போனபிறகு
குப்பைக்கூடையிலிருந்து எஃப் வரிசையை எடுத்தேன்.
பசையால் மேலே ஒட்டினேன்.
எஸ்கேப் தன் வீட்டுக்குப் போனது.
அம்புக்குறிகளும் ஒரு ஓரமாய் வந்து
நெருங்கிக்கொண்டு உட்கார்ந்தன.
எழுபத்தைந்து வீதம் என்றான் தனுசியன் போனில்,
நாலாயிரத்து இருநூறு கூட வரும் அக்கா,
அந்த ஒரு எழுத்துக்காகவா?
ஓம்.

பஸ்ஸில் பார்சல் வந்தது.
நீல விசைகள்.
வாங்கில் இருந்த கிழவர் ஒருவர்
கூரையை அண்ணாந்து பார்த்தார்.
லமினேற்றிங் மெசின் இப்போது ஸ்டூலில் இருக்கிறது.
மவுஸ் இன்னும் விழுகிறது,
நாளுக்கு மூன்று தரம்.