எலிக்கு இல்லாத காய்ச்சல்

காலை ஆறே முக்காலுக்கு
பரேலில், மூன்றாம் மாடி விலங்கறையில்
முதல் விளக்குப் போடுகிறவன் நான்.
உமி மாற்றி, தண்ணீர்க் குப்பி மாற்றி,
கூண்டு கூண்டாக எடை எழுதி
யார் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று
கேதகி மேடத்துக்குச் சொல்ல வேண்டும்.

ஒரே குப்பி, ஒரே அளவு ஊசிதான்
நாலு சாதிப் பிராணிக்கும்.

ஹாம்ஸ்டர்
மூன்றாம் நாள் கன்னப்பையில் அடைத்த கடலையை
விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.
ஐந்தாம் நாள் மூக்கோரம் ஒரு சிவப்பு.
ஆறாம் நாள் என் நோட்டில் ஒரு கோடு.
அறுத்துப் பார்த்தால் நுரையீரல்
பான் துப்பிய மாடிப்படிச் சுவர்.

சீமைப் பெருச்சாளி கூட இரண்டு நாள் தாங்கும்.
காதுமடல் மஞ்சளாகும்.
என் செருப்புச் சத்தத்துக்கு விசிலடிப்பதை நிறுத்திவிடும்,
அதிலேயே தெரிந்துவிடும்.

சுண்டெலிகள் ஒரு சனி ஞாயிறு
மயிர் சிலிர்த்து மூலையில் குவிந்து கிடக்கும்.
திங்கட்கிழமை ஒன்றையொன்று ஏறி மிதிக்கும்.

அப்புறம் எலி.
மேடம் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது:
தாதர் மீன் மார்க்கெட் பின்னால் பொறியில் விழுந்த,
வால் நுனி இல்லாத தெருவெலி.
அதற்கு ஒன்றுமே இல்லை.
தின்கிறது. காதைச் சொறிகிறது. எடை ஏறுகிறது.
வெப்பமானியோடு போனால் என்னைக் கடிக்கிறது.
ஒரு மாதம் கழித்து அதன் மூத்திரம் ஒரு சொட்டு.
மேடம் நுண்ணோக்கியை விட்டு விலகி
எனக்கு இடம் கொடுத்தார்.
கும்மிருட்டில் வெள்ளி இழைகள்,
முனையில் கொக்கி வளைந்து,
எங்கேயோ போக வேண்டிய அவசரத்தில்.
சிறுநீரகத்தில் குடியேறிவிட்டால்
பகடி வீடு மாதிரி,
ஆயுசுக்கும் காலி செய்யாதாம்.

நம் பேச்சில் இதற்கு எலிக்காய்ச்சல் என்று பெயர்.
எலிக்குக் காய்ச்சலே கிடையாது.

மேடத்தின் தாளில் அந்தக் குப்பி, பதினேழு.
எனக்கு அது எந்த ராத்திரி என்று தெரியும்.
ஆகஸ்ட். கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர்.
ரயில் நின்றுபோய்
நானும் இசக்கியப்பனும் செருப்பைக் கையில் பிடித்து
தாராவிக்கு நடந்தோம்.
அவன் முன்னால்,
காலால் துழாவித் துழாவிச் சொல்லிக்கொண்டே:
"இங்க பள்ளம்ல.
இங்க மூடி இல்ல, தள்ளி வா."

எட்டாம் நாள் அவனுக்குக் கெண்டைக்கால் வலி.
நடந்த வலி என்றான்.
பன்னிரண்டாம் நாள் கண் வெள்ளையில் மஞ்சள்.
பிறகு இருமினான், கைக்குட்டையில்
அந்த மாடிப்படிச் சுவர்.
ஐந்து மில்லி ரத்தம் பனிக்கட்டிப் பெட்டியில்
எங்கள் மாடிக்கு வந்தபோது
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
பெட்டியில் பெயர் இல்லை, வார்டு எண் இருந்தது.

குப்பியிலேயே கிடந்தால்
கிருமிக்கு வீரியம் மறந்துவிடும்.
இரண்டு மாதத்துக்கொரு தடவை
ஒரு ஹாம்ஸ்டருக்குள் விட்டு எடுக்க வேண்டும்.
நாலு வருடமாக எடுக்கிறோம்.
அவனைக் கொண்டுபோனது இங்கே இருக்கிறது,
அதற்கு நான் கடலை போடுகிறேன்.

போன மாதம் ஊழியர்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை.
மேடம் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார்.
"உனக்கு எப்போதோ வந்து போயிருக்கிறது, பொன்ராசு.
காய்ச்சல் அடித்ததா?"
இல்லை மேடம்.
அந்த நாட்களெல்லாம்
சயான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து
வடாபாவ் தின்றுகொண்டிருந்தேன்.
பசி அப்படிப் பசித்தது.

ஒரே தண்ணீர், ஒரே இடுப்பளவு.
நான் எந்தக் கூண்டு என்று
அவரிடம் கேட்கவில்லை.

இன்று காலை எலி
வெப்பமானியின் கம்பியைக் கடித்தது.
முப்பத்தேழு புள்ளி ஐந்து.
எழுதிவிட்டு, கையுறையைக் கழற்றி,
கை கழுவி,
புறங்கையால் என் நெற்றியையும்
ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.