பில்லில் நான்காவது வரி

புன்டா அரினாஸில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
தகரக் கூரை நாள் முழுக்கப் பேசும்.
சுவருக்குள்ளே மரத்தூள்,
குளிருக்குப் பயந்து யாரோ என்றோ அடைத்தது.

யாஸ்னா மிஹோவிலோவிச் வந்ததும் கேட்டது
ஒரு வாளித் தண்ணீர்.
மெயின் வால்வை மூடி, குழாயை வடித்து,
மாடியில் ஒரு குழாயைத் திறந்தே விட்டாள்.
"நீராவிக்கு ஒரு வழி வேண்டும்,
இல்லையென்றால் என் முகம்தான் வழி."
ஃப்ளக்ஸ் புகைக்காக ஜன்னலைத் திறந்தாள்.
காற்று நுழைந்து காலண்டரில்
ஜூனைக் கிழித்துக்கொண்டு போனது.

பலகைக்கும் செம்புக்கும் நடுவே தீத்தடுப்புத் துணி.
நீல நாக்கு இணைப்பைச் சுற்றி நக்கியது.
ஈயமில்லாத கம்பி தொட்டதும் உருகி
வெள்ளி வளையமாய் உள்ளே ஓடி மறைந்தது.
ஆறு இணைப்பு.
டார்ச்சை அணைத்தாள், சிலிண்டரை மூடினாள்,
ஸ்டூலை இழுத்துப் போட்டு
உட்கார்ந்துவிட்டாள்.

"முடிந்ததல்லவா?"
"நான் முடித்துவிட்டேன்.
நெருப்பு முடித்ததா, தெரியாது."

ரொட்டி மாவு பிசைந்தபடி
கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் பார்க்கும்படியாக.
அவள் சுவரை மோந்தாள்.
புறங்கையை வைத்தாள்.
இரண்டு சாண் மேலே, மறுபடியும்.

ஒன்றும் நடக்கவில்லை.

பில்லில் நான்காவது வரி:
சும்மா இருந்தது, ஒரு மணி நேரம், பன்னிரண்டாயிரம் பெசோ.
சும்மா இருந்ததற்கா?
பேரம் பேசினேன்.
இணைப்புக் கூலியில் குறைத்தாள்,
அந்த வரியைத் தொடவில்லை.

இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய்
சுவரில் புறங்கையை வைத்தேன்.
சில்லென்றிருந்தது.
கூரை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.